செல்லாதவை

பள்ளியின் வேதியியல் அறைதான் எங்கள் வாக்குச்சாவடி.
காலம் முடியுமுன்பே கவிழ்ந்த சபைக்கு
மறுபடி ஆள் தேடும் ஏப்ரல்.
ஏழு வருடத்தில் நான்காம் முறை
அதே பெட்டி, அதே பூட்டு.
சாவி மட்டும்
ஒவ்வொரு முறையும் வேறொருவர் பையில்.

நான் மருந்துக்கடைக்காரி.
பிப்ரவரியில், ஒரே நாளில் மூன்று தடவை
ஆஸ்பிரின் விலையை அடித்து எழுதியவள்.
எண்களோடு மல்லுக்கட்டப் பழகியவள் என்று
செயலாளர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

டான்யூப் பக்கமிருந்து ஈரக்காற்று.
ஜன்னலுக்கு வெளியே செர்ரி மரத்தில்
மார்ச் மாதம் யாரோ கட்டிய சிவப்பு வெள்ளை நூல்,
நாரை வந்துவிட்டதற்கு அத்தாட்சி.
வேறெதுவும் வரவில்லை இன்னும்.

கட்சிக்கொரு நிறத்தில் சீட்டு.
நாடகக் கொட்டகையிலிருந்து கடன்வாங்கிய திரைக்குப் பின்னே
ஒன்றை உறையிலிட்டு
மிச்சத்தைக் கூடையில் எறிய வேண்டும்.
மூன்றாவது தடவை கூடையைக் கொட்டப் போன வெலிச்கா
என் காதருகே குனிந்தாள்:
"கூடை முழுக்கச் சிவப்பும்மா."
தலைவர் இலாரியோன், பூகோள வாத்தியார்,
தொண்டையைச் செருமினார்.
குப்பை பேசக்கூடாது என்று சட்டத்தில் இல்லை.

இரவு எட்டு மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்தோம்.
நீலம், நீலம், சிவப்பு, நீலம்,
காலி உறை ஒன்று,
மீசை வரையப்பட்ட வேட்பாளர் ஒன்று,
பிறகு
கனமான ஓர் உறை.

உள்ளே சேமிப்பு வங்கிப் பாஸ்புத்தகம்.
பெயர்ப் பக்கத்தை ஸ்கேல் வைத்துக் கிழித்திருந்தது.
எழுபத்தெட்டிலிருந்து மாதம் ஐம்பது லெவா,
மாஸ்க்விச் கார் வரிசைக்கு.
கடைசி வரியில்
எட்டாயிரத்து நானூறு.
கொஞ்சம் அலைந்தால்
ஒரு கிலோ சீஸ் வாங்கலாம்.

"இது எங்கள் ஓட்டு, சந்தேகமே இல்லை"
என்றான் நீலக்கட்சி கன்ச்சோ.
ஒருகாலத்தில் சர்க்கரை ஆலையில் கட்சிச் செயலாளராயிருந்த நெதெல்கோ
புத்தகத்தைக் கையில் வாங்கி
கடைசிப் பக்கம்வரை படித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்கும் ஒரு வரிசை எண் இருந்ததாம்.
அதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

இலாரியோன் விதியை வாசித்தார்:
உறைக்குள் அந்நியப் பொருள் இருந்தால்.

அந்நியப் பொருளா.
நான்காம் பக்கத்து மூலையில்
பிளம் ஜாம் கறை.
அந்த ஜாம் என் விரலிலிருந்து விழுந்தது.
அன்று பத்து நிமிஷம் கத்திவிட்டு
பத்து நாள் பேசாமலிருந்தான் என் புருஷன்.

ரப்பர் முத்திரை என் பொறுப்பு.
செல்லாது.
காசுக்கும் அதே சொல்.
ஓட்டுக்கும் அதே சொல்.
கறைக்குப் பக்கத்தில் இடம் பார்த்து
அழுத்திக் குத்தினேன்.
கை நடுங்கியது மைக்குத் தெரியவில்லை.

சாக்கைக் கட்டி அரக்கு வைத்தோம்.
கீழே போலீஸ் ஜீப் காத்திருந்தது.
பத்தொன்பது வருஷம் காருக்கென்று சேர்த்தது
ஒருவழியாக
ஒரு வண்டியில் ஏறிப் போயிற்று.

வீட்டில் வெசெலின் விழித்திருந்தான்.
தெருவில் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.
"நீலமா?"
"நீலம்."
அடுப்பிலிருந்த சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினான்.
ஊற்றுகையில், கேட்காததுபோலக் கேட்டான்:
"செல்லாதது எத்தனை?"
"பதினொன்று" என்றேன்.

உப்பை என் பக்கம் நகர்த்தினான்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.
ஆனாலும் போட்டுக்கொண்டேன்.