நாலு ஈ

காலை ஏழரை. தலைகுந்தா.
வாஷிங் மெஷின் நெற்றியில் சிவப்பாக எரிகிறது:
ஒரு நாலு, பக்கத்தில் ஓர் ஆங்கில ஈ.
உள்ளே பதினேழு அணைத்துணி,
ஒரு கம்பளி, யமுனாவின் நைட்டி.
பேறுகால விடுப்பு முடிந்து இன்றுதான்
முதல் பஸ்ஸுக்கு ஓடினாள்,
"ஒரே ஒரு பட்டன்தான்" என்று சொல்லிவிட்டு.

அழுத்தினேன்.
தொண்டையைச் செருமியது.
சொல்ல வந்ததை மறந்தவர் மாதிரி
அப்படியே நின்றது.

மேட்டுப்பாளையத்தில் ரஹமத்துல்லா போனை எடுத்தார்.
மலையேற ஆளில்லை, பேசியே பார்ப்போம் என்றார்.
குழாய் திறந்திருக்கா? திறந்திருக்கு.
கதவு? இடுப்பால் இடித்து மூடினேன்.
ஹோஸ் எங்கயாவது மடங்கியிருக்கா?
சுவரிலிருந்து மெஷினை இழுத்தேன்,
ஒரு தோளில் போன், மறுதோளில் மகள்.
மடங்கவில்லை. ஆறு மாதம் முன்பு
தொலைந்த சாக்ஸ் கிடந்தது.
"அது கிடக்கட்டும். ஹோஸைத் திருகிக் கழட்டுங்க.
உள்ளே ஒரு வலை, சட்டைப் பொத்தான் அளவுக்கு."

இருந்தது.
கேரட் தோட்டத்துச் செம்மண்,
பாசி, ஏதோ பூச்சியின் அரைச் சிறகு.
என் பல்துலக்கியாலேயே தேய்த்தேன்.
மாட்டினேன். அழுத்தினேன்.
செருமல்.
நாலு ஈ.

ஓரெழுத்து ஒருமொழி, ஒன்பதாம் வகுப்பு,
இப்போதா ஞாபகம் வரவேண்டும்:
ஈ என்றால் பறப்பது.
ஈ என்றால் கொடு.
நாலு தடவை கேட்கிறது, பாவம்.
மகளும் அதையேதான் கேட்டாள்,
எழுத்தே இல்லாமல்.

"ஹோஸ் முனையிலே தண்ணி வருதா?"
ஒரு சொட்டு. அப்புறம் காற்று.
"டேங்க்கிலே?" முக்கால் இருக்கு.
"அப்ப நடுவுலே எங்கே போச்சு?"
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஜன்னலைத் துடைத்தேன்.
புல்வெளி வெள்ளையாக இருந்தது.
பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் சீட்டில்
கல்லுப்பு தூவினாற்போல.
டேங்க்கிலிருந்து இறங்கும் கறுப்புக் குழாய்
சைப்ரஸ் நிழலில் படுத்திருந்தது.
போய்த் தட்டினேன். கல்.

"பாய், தண்ணி எங்கேயும் போகலை.
குழாய்க்குள்ளேயே நிக்குது."
"அடைப்பா?"
"உறைபனி."
பதினொரு வருஷமாக ஃப்ரிட்ஜ் பார்க்கிறவர்
"வெளியிலேயா?" என்றார்.

கொதிநீர் ஊற்றாதீங்க, வெடிக்கும்.
சரி.
துவைக்கப் போட்ட கம்பளியையே எடுத்துவந்து
குழாயின் வளைவில் சுற்றினேன்.
மகளை என் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு
பக்கத்தில் குந்தினேன்.
வெயில் மர உச்சிக்கு வந்தது,
ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது.
பிறகு கேரட் பாத்தி.
பிறகு, அவசரமில்லாமல், எங்கள் முழங்கால்.

ஒன்பது நாற்பதுக்கு
குழாய்க்குள் ஏதோ இடம் மாறிப் படுத்தது.
வீட்டுக்குள் மெஷின் ஒருமுறை துப்பியது,
இருமியது,
குடிக்கத் தொடங்கியது.

ரஹமத்துல்லா திரும்ப அழைத்தார்.
காசெல்லாம் வேண்டாம்,
அந்தப் பனியை மட்டும் ஒரு போட்டோ எடுத்து
அனுப்புங்க, வீட்டிலே காட்டணும்.
ஓடினேன்.
புல் பச்சையாக இருந்தது.
ஸ்கூட்டர் சீட் ஈரம்.

மெஷினின் வட்டக் கண்ணாடியைப் படமெடுத்து அனுப்பினேன்.
நுரை, நைட்டியின் ஒரு கை, பதினேழு அணைத்துணி.
இதுக்குள்ளேதான் இருக்கு பாய்,
நல்லா பாருங்க.