மணி கட்டாத யானை

யானை வரும் பின்னே,
மணியோசை வரும் முன்னே என்று
சொல்லிவைத்த ஆள்
தேன்கனிக்கோட்டைப் பக்கம் வந்ததில்லை.

இங்கே முன்னே வருவது வாட்ஸ்அப்.
"நொகனூர் காட்டிலிருந்து பதினெட்டு.
குட்டி மூன்று. யாரும் வெளியே வர வேண்டாம்."
அதுவும் பரண்மேல் டவர் கிடைத்தால்தான்.

மார்கழிக் குளிர். கேழ்வரகு தலைசாய்த்து
அறுக்க நாலு நாள் பாக்கி.
நான், என் வீட்டுக்காரர், பக்கத்துக் கொல்லை லகுமம்மா.
மூன்று பேருக்கு ஒரு கம்பளி, ஒரு டார்ச்,
நமுத்துப்போன பட்டாசு ஒரு கட்டு.
தூக்கம் வராமலிருக்க
யானைப் பழமொழியாக எடுத்துப் போட்டோம்,
சீட்டு இறக்குவதைப்போல.

யானைப் பசிக்குச் சோளப்பொரி, என்றேன்.
"பொரியா? போன வருஷம்
என் அரை ஏக்கர் முட்டைக்கோசைத் தின்னுட்டு
பூசணி எங்கேன்னு தேடுச்சு" என்றாள் லகுமம்மா.
இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன், என்றார் இவர்.
"மிதிச்ச பயிருக்கு எத்தனை பொன்னுன்னு
ஒருத்தனும் சொல்லிவைக்கலையே."
அதற்கு ஆபீசில் ஃபாரம் இருக்கிறது.
சிட்டா, அடங்கல், போட்டோ இரண்டு.

யானைக்கு ஒரு காலம் வந்தால், என்று ஆரம்பித்து
அவரே நிறுத்திக்கொண்டார்.
பூனையின் காலம் எந்த மாதம் என்று
மூவருக்கும் தெரியவில்லை.

எல்லாம் கோயில் யானையைப் பார்த்தவர்கள் சொன்னது.
நெற்றிப்பட்டமும் பக்கத்தில் பாகனுமாக
காசு வாங்கித் தலையில் தொடுகிற யானை.

இரண்டரை மணிக்கு
நாய் குரைப்பதை நிறுத்தியது.
மணியில்லை.
ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம்,
பிறகு அதே சத்தம் கிட்டத்தில்,
பிறகு எல்லாப் பக்கமும்.
திரி பற்றவில்லை.
லகுமம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
விட்டபோது வெளுத்திருந்தது.

இறங்கினோம்.
கொல்லையில் பாதி, கொல்லையாக இல்லை.
கிழக்கு வரப்பில்,
குழாய் கசிந்து நனைந்த ஓரம்,
ஒரு பெரிய தடம் மட்டும் வட்டமாக இல்லாமல்
மூன்று முழத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தது.
முடிவில் சேற்றில் முட்டி பதிந்த குழி.
சுற்றிலும் மற்றக் கால்கள், நெருக்கமாக,
நின்று கைகொடுத்த மாதிரி.

இவர் வாயைத் திறந்தார்.
"சொல்லாதீங்க" என்றேன்.

அந்த ஒன்றை மட்டும்
கோயில் வாசலில் நின்று
யாரும் சொல்லியிருக்க முடியாது.
எவளோ ஒருத்தி
எல்லாம் போன மறுநாள் காலை
வெறுங்கையோடு கொல்லைக்கு வந்து,
மண்ணை வாரித் தூற்றக் குனிந்தவள்
சேற்றில் அந்தச் சறுக்கலைப் பார்த்து,
கொஞ்ச நேரம் பார்த்து,
திட்டுவதற்குப் பதிலாகச் சொன்னது.

ஃபாரஸ்டர் பத்து மணிக்கு வருகிறாராம்.
அதுவரை எதையும் தொடக் கூடாதாம்.
குட்டி கால் வைத்த குழிகளில்
தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.
லகுமம்மா அதற்குள் என் பக்கம் வந்து
ஒடிந்த கதிர்களை
மடியில் பொறுக்க ஆரம்பித்திருந்தாள்.