ஒன்பதாவது கருவி

சனிக்கிழமை காலை, கென்ட் நகரில்
காதில் கருவி மாட்டிய பதினான்கு பேரில் நான் ஒருத்தி.
மறுமுனையில் நினோவ ஊர்க்காரர்,
ஃபிர்மின் என்று பெயர் சொன்னார்.
"புறாப் பந்தயத் தளம்
என்னை உள்ளே விடமாட்டேன் என்கிறது."

வரிசைப்படி கேட்டேன்.
மோடத்தை அணைத்துப் போட்டீர்களா?
மூன்று தடவை.
வேறு உலாவியில் பார்த்தீர்களா?
மருமகன் போட்டுத் தந்த இரண்டிலும் அதேதான்.
கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு?
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"திறக்கிறது.
தெருமுனையில் நின்றாலும் திறக்கும் போலிருக்கிறது.
என் வீட்டு வைஃபைக்குத்தான் ஆகவில்லை."

அப்படியென்றால் தடுத்திருப்பது உங்களை அல்ல, என்றேன்,
உங்கள் வீட்டு முகவரியை.
கதவு எண்ணையா?
இல்லை, நான்கு எண்கள், இடையில் மூன்று புள்ளிகள்.
நாங்கள் தந்ததுதான்.
நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"நாற்பத்தொரு வருடமாகப் புறா வளர்க்கிறேன்.
ஒன்றுக்கும் முகவரி எழுதிக் கொடுத்து அனுப்பியதில்லை."

இதற்கு என் திரையில் பதில் இல்லை.

புது முகவரி தரலாம்தான்.
தட்டிய கை வீட்டுக்குள்ளேயே இருந்தால்
அதுவும் ஒரு வாரத்தில் கெட்டுப்போகும்.
ரவுட்டர் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன்.
ஒன்பது கருவிகள் இணைந்திருந்தன.
ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார்:
தொலைக்காட்சி, பிரிண்டர், இரண்டு கைபேசி, கணினி,
வாசல் மணி, அறைச்சூடு பார்க்கும் பெட்டி,
மனைவியின் தையல் இயந்திரம் ("அதற்கும் வைஃபையாம்").
ஒன்பதாவதுக்கு நின்றுவிட்டார்.
பழைய டேப்லெட் ஒன்று.
பெட்டியில் போட்டு மூடியதாக நினைப்பு.

பிறகு ஏணிப் படிகள்.
பிறகு என் காதுக்குள் சிறகுகள்,
நூறு பேர் ஒரே சமயத்தில்
புத்தகத்தைப் புரட்டுவதுபோல.
பக்கத்து மேசை யோரிஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

"சோளச் சாக்குக்குப் பின்னால்.
மின்கம்பியோடு.
எரிந்துகொண்டிருக்கிறது."

என்ன பக்கம்?

சொல்லவில்லை.
நான் மறுபடி கேட்கவுமில்லை.
அவராகத்தான்:
"கண்டெடுத்த புறாக்கள்."

போன ஆகஸ்ட், லிமோஜிலிருந்து பந்தயம்.
இருபத்திரண்டு பறந்ததில் இருபத்தொன்று வந்தன.
சாம்பல் நீலப் பெட்டை வரவில்லை.
அவளது வளைய எண்ணைப்
பார்க்காமல், தடுக்காமல், முழுதாகச் சொன்னார்,
கடைசி மூன்றும் நானூற்றுப் பதினேழு.
எங்காவது யாராவது பிடித்து எழுதியிருப்பார்களா என்று
அந்தப் பக்கத்தைத் தானே புதுப்பிக்கும்படி
அன்றிரவு வைத்தது.
மூன்று விநாடிக்கு ஒரு முறை.

கணக்குப் போட்டேன், பழக்கதோஷம்.
நாளுக்கு இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு.
எட்டு மாதம்.
குளிர்காலம் முழுக்க, கூடு உறங்கும்போதும்,
வந்தாளா, வந்தாளா, வந்தாளா.
தளத்தில் இந்த மாதம்தான் புதுக் காவல் போட்டிருக்கிறார்கள்.
அதன் கண்ணுக்கு அது ஒரு தாக்குதல்.
தப்பு சொல்ல முடியாது.

தளக்காரர்களுக்கு எழுத வேண்டும்.
முகவரி, தேதி, காரணம்.
"காரணம் என்ன போடட்டும்?"
கருவிக் கோளாறு என்று போடுங்கள், என்றேன்.
"கோளாறு இல்லையே," என்றார்.
"சொன்னதைத்தானே செய்தது."

செவ்வாயன்று புகார்ச் சீட்டில் ஒரு வரி சேர்ந்திருந்தது.
லுட்கார்ட் என்ற அம்மாள் தடையை எடுத்துவிட்டாராம்.
அதன் கீழே எனக்கென்று ஒன்று:
மூன்று விநாடி கூடாதென்றால், எவ்வளவு கூடும்?

கேள்வி இருக்கும்வரை சீட்டை மூட முடியாது,
எங்கள் விதி அது.
மதியம்வரை திறந்தே வைத்திருந்தேன்.

நாளுக்கு ஒரு முறை, என்று எழுதினேன்.
காலையில், தீனி போடும்போது.
கையால் செய்யுங்கள்.