நாற்பத்தாறு பாகை

பரந்தனில் செபஸ்தியானின் வெதுப்பகம்.
ஒரு பொட்டலம் மதுவத்துக்குக் காசு வாங்க மறுத்து
"பாண் போடவோ?" என்றார்.
"இல்லை, சூடுகாட்ட."
"நானும் அதைத்தானே செய்யிறன்."

அறிவியல்நகர், பின்னேரம் இரண்டு மணி.
நீர்த்தொட்டியில் நாற்பத்தாறு பாகை, எட்டு நிமிடம்.
உள்ளே நடப்பதை நான் காணவில்லை,
படித்ததை வைத்துச் சொல்கிறேன்:
புரதம் கட்டும் வேலை அப்படியே நிற்கும்.
பாதி வாசித்த செய்திகளை அணைத்தபடி
சில புரதங்கள் ஓரிடத்தில் ஒதுங்கும்.
மென்சவ்வு இல்லை. வாசலும் இல்லை.
ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள்
முட்டியதும் ஒன்றாகிவிடுமே,
அவ்வளவுதான் அந்த அறை.

பத்தாம் வகுப்பில் கலத்தைக் கீறி
ஒவ்வொன்றையும் கோட்டுக்குள் அடைத்து
முழுப் புள்ளி வாங்கியவள் நான்.

முதல்நாள்
கலங்களை உடைக்க முன்னமே கரண்ட் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
ஒன்றரை மணித்தியாலம்
இரணைமடுப் பக்கமிருந்து வந்த காற்றில்
குழாய்கள் ஆறிக் கிடந்தன.
பிறகு உடைத்துச் சுழற்றினால்
அடியில் படிய ஒன்றுமில்லை.
கூடியவை கலைந்து வேலைக்குப் போய்விட்டிருந்தன.
யசோதினி சிரித்தாள்:
"நல்லதுதானே, உயிரோட இருக்குதுகள்."

இரண்டாம்முறை படிந்தது.
மூன்றுதரம் கழுவி
ஐஸ் பெட்டியில் கொழும்புக்கு அனுப்பினோம்.

பதினாறாம் நாள் பட்டியல் வந்தது.
செய்தியின் வாலைப் பிடித்திருக்கும் பப்-ஒன்று.
டெட்-ஒன்று, முடிச்சவிழ்க்கி,
திருட்டுப் பட்டம் இல்லாத ஒரேயொரு முடிச்சவிழ்க்கி.
நூற்றுநான்கு என்று இலக்கமிட்ட பெரிய ஆள்,
கூட வந்ததல்ல, பிரித்துவிட வந்தது.
இப்படி நூற்றெழுபத்திரண்டு பெயர்.

யசோதினி விரல் வைத்து
கடைசி வரி மட்டும் வாசித்தாள்.
பட்டியல்களை அவள் அப்படித்தான் வாசிப்பாள்,
மேலிருந்து கீழே, பிறகு
கீழிருந்து மேலே.

"இதில இல்லாத ஆக்கள் எங்க?"

வராமல் இருந்திருக்கலாம், என்றேன்.
வந்து, இறுக்கமாகப் பிடிக்காமல் நின்று
கழுவிய தண்ணீரோடு போயிருக்கலாம்.
அந்தத் தண்ணீரை நாங்கள் வைத்திருக்கவில்லை.

அவள் குழாய்களை அடுக்கினாள்.
வெளியே ஏ-ஒன்பதில் பஸ் ஒன்று
நிற்காமல் ஹோர்ன் அடித்துப் போனது.

"அடுத்தமுறை கழுவாமல் செய்வம்."
குப்பையும் சேர்ந்து வரும், என்றேன்.
"வரட்டும்."