பதினோராம் பக்கம்

வியாழன் இரவு. அச்சுக்குப் போகப் பத்து நிமிடம்.
சாட்ஸ்வர்த் பேருந்து நிறுத்தச் செய்திக்கு
நான்தான் தலைப்பிட்டேன்:
பிள்ளைபிடிகாரன் சிக்கினானா?
கடைசி ஆவன்னாவும் கேள்விக்குறியும்
பத்திக்குள் அடங்கவில்லை.
வெட்டினேன்.

திங்களன்று தெரிந்தது,
குபேந்திரன் அந்தச் சிறுமியின் தாய்மாமன்.
அவள் அலறியது
பல் பிடுங்கப் பயந்து.

திருத்தம் போட்டோம்.
பதினோராம் பக்கம், பழைய டயர் விளம்பரத்தின் கீழ்
இரண்டு விரற்கடை.

விளக்கு வந்தால் பாம்பு போய்விடும்,
கயிறு மிஞ்சும் என்று
ஞாயிறு வேதாந்த வகுப்பில் தலையாட்டியவன் நான்.
தேஷ்னிக்கு மனநலப் பிரிவில் வேலை.
"கயிறென்று கண் ஒப்பும்டா,
கால் ஒப்பாது.
பிள்ளைபிடிகாரன் இல்லை என்று நீ எழுத எழுத
இல்லை உதிர்ந்துபோகும்,
மற்றது தங்கும்."

நடந்ததைச் சொன்னேன், நான் வெறும் சாட்சி
என்று சொல்லிப் பார்த்தேன்.
சாட்சி எங்கே
பத்தியின் அகலம் அளந்தான்?

சனிக்கிழமை அவர் கடைக்குப் போனேன்.
மாற்றுச்சாவி செய்யும் கடை.
டர்பன் வெயிலில் தெருவெல்லாம் கூட்டம்,
அங்கே ஆளில்லை.
யார் கொடுப்பார்கள், வீட்டுச் சாவியை?

நான் கொடுத்தேன்.
எல்லாம் அறிந்தவன், திருத்தத்தையும் எழுதியவன்.
நீட்டும்போது
விரல் ஒரு கணம் இறுகியது.

பார்த்துவிட்டார்.
எதுவும் கேட்காமல்
ஒரு தகரத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
புதுத் தட்டு.
"இதில் வையுங்கள்" என்றார்,
"எல்லாரும் இப்போது இதில்தான்."