வரிசையில் மட்டும்

ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது,
நின்றால்தான் மூச்சு வாங்குகிறது என்றாள் எவெலியா.
மனிதர்களுக்கு நேர்மாறு என்று சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
அந்த முகத்தில் சிரிப்புக்கு இடமில்லை.

மெஹிகாலியில் ஆகஸ்ட்.
வாசலில் மறந்துபோட்ட ஸ்பானரைத்
துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு பழைய சென்ட்ரா. ஒரு பை நிறைய ரசீது.
யாரோ இரண்டு தடவை கேஸ் நிரப்பியிருக்கிறார்கள்.
யாரோ தெர்மோஸ்டாட் மாற்றியிருக்கிறார்கள்.
செலஸ்தீனோ, எனக்குத் தெரிந்தவர், கெட்டவர் அல்ல,
கம்ப்ரெஸரையே மாற்றிவிட்டார்.
பழையதைத் துண்டில் சுற்றி டிக்கியில் வைத்திருந்தாள்.
கையால் சுழற்றிப் பார்த்தேன்.
அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

கேஜ் மாட்டினேன்.
நீல முள்ளும் சிவப்பு முள்ளும்
இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.
தண்ணீரில் எண்ணெய் இல்லை, எண்ணெயில் தண்ணீர் இல்லை.
ஏசி போட்டதும் ரேடியேட்டர் விசிறி சுற்றியது.
அணைத்தேன், போட்டேன். மறுபடி சுற்றியது.
ஒரு மணி நேரம் ஓடவிட்டும்
வெப்பமுள் பாதியைத் தாண்டவில்லை.
'இங்கே மட்டும் நல்ல பிள்ளை' என்றாள்.
கோபம் காரின் மேலா என் மேலா தெரியவில்லை.

அப்போதுதான் என் முதுகு குளிர்ந்திருப்பதை உணர்ந்தேன்.
பின்னால் பட்டறையின் பெரிய கூலர்,
கதவளவு அகலம்,
ஈரக்காற்றை நேரே காரின் முகத்தில்
ஊதிக்கொண்டிருந்தது.
நோயாளிக்கு விசிறிக்கொண்டே
காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

எங்கே சூடாகும்?
வரிசையில்.
வேறெங்கும்?
வரிசையில் மட்டும்.

இந்த ஊரில் எந்த வரிசை என்று யாரும் கேட்பதில்லை.
அந்தப் பக்கம் போகக் காத்திருக்கும் கார்களின் வரிசை,
இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று.
அவளுக்கு அங்கே முதியோர் இல்லத்தில் இரவு வேலை,
தாமதமானால் சம்பளத்தில் வெட்டு.
'வா, போவோம்' என்றேன்.

சுரோஸ் விற்பவன் வந்தான்.
கண்ணாடி துடைக்கும் பையன், வேண்டாம் என்பதற்குள் துடைத்துவிட்டான்.
பிளாஸ்டர் மாதாக்கள் ஜன்னலோரம் நடந்துபோனார்கள்.
நாற்பதாவது நிமிடம் ஏசிக்காற்று வெதுவெதுத்தது,
பிறகு நாயின் மூச்சுபோல் ஆனது.
முள் எழுந்தது.
'ஹீட்டரைப் போடு. முழுசாக.'
'பைத்தியமா நெரெய்தா?'
'போடு.'
எஞ்சினின் சூட்டில் பாதியை
நாங்கள் இருவரும் மடியில் வாங்கிக்கொண்டோம்.
அவளுடைய கண்மை கன்னத்தில் இறங்கியது.

பானட்டைத் திறந்தேன்.
சத்தம் இல்லை. அதுதான் நோய்.
விசிறி சும்மா நின்றது, இறக்கைகளில் தூசி.
ரிலேயைத் தொட்டதும் விரல் சுட்டது,
பிடுங்கினால் ஒரு கால் கருகிய வெல்ல நிறம்.
குளிர்ந்தால் ஒட்டும், கொதித்தால் கைவிடும்.
மூன்று பேர் தேடியது தீப்பெட்டி அளவு.

பக்கத்திலேயே ஹாரனின் ரிலே.
அதே உடம்பு, அதே நாலு கால்.
அதைப் பிடுங்கி இதன் இடத்தில் அழுத்தினேன்.
விசிறி உறுமிக்கொண்டு எழுந்தது.
பின்னால் ஒருவன் எதற்கோ ஹாரன் அடித்தான்,
அவனுக்குப் பின்னால் எல்லோரும்.

வாயிலுக்கு நாலு வண்டி முன்னால் இறங்கிக்கொண்டேன்.
என்னிடம் விசா இல்லை.
'நாளைக்குப் புது ரிலே வாங்கு, இருநூறு பெசோ.
அதுவரை யாரையும் திட்ட முடியாது.'
கண்ணாடியை ஏற்றினாள்.
ஏற்றினாள் என்றால் உள்ளே குளிர்கிறது என்று அர்த்தம்.
நகரும்போது அவள் உள்ளங்கை
ஸ்டியரிங்கின் நடுவில் இரண்டு தடவை அழுந்தியது.
எனக்குத்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.

கார்களுக்கு நடுவே திரும்பி நடந்தேன்.
காது தானாக பானட்டுகளில் நின்று நின்று வந்தது.
இது சுற்றுகிறது, இதுவும்,
இதில் பேரிங் தேய்மானம்.
பதினோராவது வண்டி ஊமை.
உள்ளே ஒரு கிழவர் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.
ஜன்னலைத் தட்டினேன்.