உண்ணி

மூன்று முறையும் நள்ளிரவு தாண்டித்தான் வந்தது.
முதல் முறை வாயு என்றோம்.
கெமோமில் தேநீரோடு சுவரில் சாய்ந்து
விடியவைத்தான் அமாரோ.
இரண்டாம் முறை உள்ளங்கை தடித்தது.
அதையும் வைக்கோல்மேல் பழிபோட்டோம்.
மூன்றாம் முறை ஆம்புலன்ஸ்,
லூகோ வரைக்கும் மூடுபனி.

என்ன சாப்பிட்டார்?
தாதியின் கையில் பேனா.
உருளைக்கிழங்கு, டர்னிப் கீரை,
எங்கள் பன்றியின் தோள்கறி. எட்டு மணிக்கு.
நான் சமைத்தது. நானும்தான் தின்றேன்.
கடைசி வாக்கியத்தைத் தேவைக்கு மேல்
உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
அவன் அக்கா எருந்தினா திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து நாள் அப்படியே பார்த்தாள்.

ஆறாம் நாள் டாக்டர் சேயிஷாஸ் கேட்டார்:
புல் அறுக்கையில் ஏதாவது கடித்ததா?
மாடு வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா!
சிரித்துக்கொண்டே கால்சட்டையைச் சுருட்டினான்.
முழங்கால் மடிப்பில் எள்ளளவு தழும்பு.
உண்ணி.
உண்பது ஒன்றே பெயராய்க் கொண்ட பூச்சி
தன் எச்சிலில் ஒரு சர்க்கரையைக் கொண்டுவந்து
இவன் ரத்தத்துக்குப் பகை சொல்லிக்கொடுத்துப் போயிருக்கிறது.
அதே சர்க்கரை பன்றியிலும் உண்டாம், மாட்டிலும் உண்டாம்.
தின்றவுடன் காட்டிக்கொடுக்காது.
கொழுப்போடு மெதுவாக நடந்து
ஊர் உறங்கியபின் வந்து சேரும்.
சேர்ந்த இடம் இதயக் குழாய்.
அது மிரண்டு சுருங்கியிருக்கிறது.

நெஞ்சு கரிக்குது, நெஞ்சு கரிக்குது என்றானே,
நான் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சோதித்ததில் இன்னொன்றும் தெரிந்தது:
வால்வு பழுது. மாற்ற வேண்டும்.
பொதுவாகப் பன்றியின் வால்வைத்தான், என்று தொடங்கிய சர்ஜன்
கோப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
முப்பது வருடம் பன்றி வளர்த்தவன்,
கத்தி வைக்கும்போது கை நடுங்கக் கூடாதென்று
ஒன்றுக்கும் பெயர் வைக்காதவன்,
கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
சரிதான். நானாக இருந்தாலும் தரமாட்டேன்.

உலோக வால்வு போட்டார்கள்.

இப்போது கீரையைக் கோப்பையில் அளக்கிறேன்.
கூடினாலும் குறைந்தாலும்
ரத்தம் இளக்கும் மாத்திரை கணக்குக் கேட்கும்.
டிசம்பரில் எருந்தினா ஒரு புதுப் பானை கொண்டுவந்தாள்.
கொழுப்பே படாதது, என்று மட்டும் சொன்னாள்.
உட்காரவில்லை.

இரவில் அவன் நெஞ்சு
மலிவான கைக்கடிகாரம்போல் சத்தமிடுகிறது.
மூன்று மணி தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
தாண்டியதும் எழுந்து
கொட்டகையில் துணி சுற்றித் தொங்கும் தொடைக்கறியில்
ஒரு துண்டு நறுக்கி, நின்றபடியே தின்கிறேன்.
இரண்டு முறை கை கழுவுகிறேன்,
பல்லும் விளக்குகிறேன்.
திரும்பி வந்து
அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்கிறேன்.

உப்பு கொஞ்சம் தூக்கல், என்றான் நேற்று,
இருட்டில், கண்ணைத் திறக்காமல்.
இந்த வருடத் தொடைக்கறிக்கு.